நகம் கடிக்கும் பழக்கம்: 28 வருடமாக விடமுடியாதவள் கேட்கிறேன்

கேள்வி: உவர்மலைத் தாய்

அனைவருக்கும் வணக்கம். திருகோணமலை உவர்மலையிலிருந்து எழுதுகிறேன். எனக்கு 38 வயது. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த 1997ஆம் ஆண்டில், மின்சாரம் இல்லாத இரவுகளில் மண்ணெண்ணெய் விளக்கின் முன் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, வெளியே கேட்கும் ஒவ்வொரு சத்தத்துக்கும் காது கொடுத்தபடி விரலை வாயில் வைத்திருந்தது இன்றும் நினைவிருக்கிறது. அந்த இரவுகள் போய்விட்டன. விரல் மட்டும் வாயை விட்டுப் போகவில்லை.

பத்து விரல்களிலும் நகம் பாதியளவுதான் இருக்கிறது. மத்தியானம் சோற்றோடு தேசிக்காய் பிழிந்த சம்பலைப் பிசையும்போது விரல் நுனிகள் எரியும். அதைக் காட்டிக்கொள்ளாமல் சாப்பிடப் பழகிவிட்டேன். அலுவலகத்தில் கருமபீடத்துக்கு வருபவர்களுக்குக் கையொப்பமிட வேண்டிய இடத்தை விரலால் காட்டாமல் பேனையால் காட்டுகிறேன். வேப்பெண்ணெய் பூசிப் பார்த்தேன். சில நாட்களில் அந்தக் கசப்பும் பழகிவிட்டது. பத்திரகாளி அம்மன் கோயிலில் நேர்த்தி வைத்தேன். அதை மீறிவிட்டேன் என்ற குற்றவுணர்வும் சேர்ந்துகொண்டதுதான் மிச்சம். தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று அம்மா சொல்லும்போதெல்லாம் எனக்கு மனவுறுதியே இல்லை என்று தோன்றுகிறது.

இப்போது எழுதுவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. மூன்று நாட்களாக வலது கை நடுவிரலின் நக ஓரம் சிவந்து வீங்கி, இரவில் தூங்கவிடாமல் குத்துகிறது. மற்றையது, என் ஏழு வயது மகள் வீட்டுப்பாடம் செய்யும்போது விரலை வாய்க்குக் கொண்டுபோவதை இந்த மாதம்தான் கவனித்தேன். என்னைப் பார்த்துத்தான் பழகினாளோ என்று மனம் பதைக்கிறது. இது ஒரு மனநோயா, இதை விட்டவர்கள் யாராவது இருக்கிறார்களா, இருந்தால் எப்படி விட்டீர்கள் என்று தயவுசெய்து சொல்லுங்கள்.

பதில் 1: உப்புவெளித் தாதி

சகோதரி, முதலில் அந்த விரலைப் பாருங்கள். பழக்கத்தைப் பற்றிப் பிறகு கதைக்கலாம். நீங்கள் சொல்வது நகச்சுற்றாகத் தெரிகிறது. நகத்தைக் கடிக்கும்போது அதன் ஓரத்துத் தோலும் சேர்ந்து கிழிகிறது. அந்தக் கிழிசல் வழியாகத் தோலில் வாழும் ஸ்டபைலோகொக்கஸ் போன்ற கிருமிகளும் வாயிலுள்ள கிருமிகளும் உள்ளே போகின்றன. எங்கள் பக்கத்தில் இதற்குத் தேசிக்காயைத் துளைத்து விரலில் செருகிக்கொள்வது வழக்கம். கிழிந்த தோலில் புளிப்பு பட்டு எரியுமே தவிர, உள்ளே கட்டிய சீழை அது வெளியேற்றாது. பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீர் எடுத்து, நாளுக்கு மூன்று நான்கு தடவை, ஒவ்வொரு முறையும் பத்துப் பதினைந்து நிமிடம் விரலை அமிழ்த்தி வைத்து, பின்னர் நன்றாகத் துடைத்து உலர விடுங்கள். சீழ் கட்டிவிட்டாலோ, சிவப்பு விரலில் மேல்நோக்கிப் பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ வீட்டில் ஊசியால் குத்தாமல் வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போய்விடுங்கள். உங்களுக்கு நீரிழிவு இருந்தால் இவற்றுக்கெல்லாம் காத்திராமல் நாளைக்கே போக வேண்டும்.

மகளுக்கு இரவில் ஆசனவாயில் அரிப்பு இருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள். கீரிப்பூச்சியின் முட்டைகள் நகத்தின் அடியில் ஒட்டிக்கொண்டு மீண்டும் வாய் வழியே உள்ளே போகும் என்பதால், நகம் கடிக்கும் பிள்ளைகளுக்கு அது திரும்பத் திரும்ப வருவதுண்டு. அப்படி இருந்தால் வைத்தியர் சொல்லும் மருந்தை வீட்டிலுள்ள அனைவரும் ஒரே நேரத்தில் எடுக்க வேண்டியிருக்கும்.

கசப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. நகத்தில் பூசுவதற்கென்றே விற்கப்படும் கசப்புப் பூச்சுகளில் டெனடோனியம் பென்சோவேட் என்ற பொருளைச் சேர்ப்பார்கள். 1958இல் ஸ்கொட்லாந்தில் கண்டறியப்பட்ட அது, மனித நாக்கு அறிந்த மிகக் கசப்பான பொருட்களுள் ஒன்று. சிலருக்கு அது உதவுகிறது. ஆனால் சோற்றைக் கையால் பிசைந்து உண்ணும் நமக்கு வலது கையில் அதைப் பூசிக்கொண்டு ஒரு நேரச் சாப்பாட்டை முடிப்பதே பெரும் பாடு என்பதைப் பூச்சுக் குப்பியில் யாரும் எழுதுவதில்லை. அதனால் இடது கைக்கு மட்டும் பூசலாம் என்பது என் யோசனை.

பதில் 2: சீனக்குடா கணக்காளர்

தங்கச்சி, நான் 31 வருடம் கடித்தேன். விட்டு நான்கு வருடமாகிறது. ஆகவே உங்கள் அம்மா சொல்லும் பழமொழியை நான் ஏற்றுக்கொள்ளவில்லை.

நானும் உங்களைப் போலவே இதை மனவுறுதிக் குறை என்றுதான் நினைத்திருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியவர் ஓர் உளவள ஆலோசகர். "கடிக்கக் கூடாது என்று முடிவெடுப்பது உங்கள் மனம், ஆனால் கடிக்கும்போது அந்த மனம் அங்கே இருப்பதில்லை" என்று அவர் சொன்னார். கை வாய்க்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் நமக்கே தெரிகிறது என்றால், தெரியாமல் நடக்கும் ஒன்றை உறுதியால் எப்படித் தடுப்பது? எனவே முதல் இரண்டு வாரம் நிறுத்த முயல வேண்டாம் என்றும், ஒவ்வொரு தடவையும் எந்த இடத்தில், என்ன செய்துகொண்டிருந்தபோது, எந்த விரல் என்பதை மட்டும் ஒரு சிறு கொப்பியில் எழுதும்படியும் கேட்டார்.

அந்தக் கொப்பி எனக்குக் காட்டியவை நான் எதிர்பாராதவை. பயத்தினாலும் பதற்றத்தினாலும் கடிக்கிறேன் என்று நம்பியிருந்த நான், உண்மையில் அதிகம் கடித்தது காத்திருக்கும் வேளைகளில்தான்: கணினியில் ஒரு பக்கம் திறக்கத் தாமதிக்கும்போது, கந்தளாய் பஸ் புறப்படாமல் நிற்கும்போது, கிரிக்கெட்டில் கடைசி ஐந்து ஓவர்களின்போது, ஐந்தொகையின் இரு பக்கமும் ஒத்துவராமல் போகும்போது. சலிப்பும் பொறுமையின்மையும் இந்தப் பழக்கத்துக்குப் பதற்றத்தைப் போலவே தீனி போடுகின்றன என்று ஆலோசகரும் சொன்னார். அதைவிட முக்கியமான ஒன்றும் தெரியவந்தது. கடிப்பதற்கு முன்னரே என் கட்டைவிரல் மற்ற நான்கு நகங்களின் ஓரத்தையும் ஒவ்வொன்றாகத் தடவி, எங்கே ஒரு சொரசொரப்பு இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்கும். அது அகப்பட்டவுடன், அதைச் சரிசெய்துவிட வேண்டும் என்பதுபோல் கை மேலே எழும். சரிசெய்யக் கடிக்கிறோம், கடித்த இடம் இன்னும் சொரசொரப்பாகிறது, அதைச் சரிசெய்ய மறுபடியும் கடிக்கிறோம். 31 வருடம் இந்தச் சுற்றுக்குள்தான் இருந்தேன்.

இந்த இடத்தில்தான் அதை மறிக்க முடிந்தது. சட்டைப் பையில் நகம் தேய்க்கும் சிறிய அரம் ஒன்றை வைத்துக்கொண்டு, கட்டைவிரல் தேடத் தொடங்கியதும் அந்த ஓரத்தை அப்போதே தேய்த்து மழுமழுப்பாக்கினேன். அரம் எடுக்க முடியாத இடத்தில், பஸ்ஸிலோ கூட்டத்திலோ, கையை மெதுவாக முஷ்டியாக மடக்கி இரண்டு மூன்று நிமிடம் அப்படியே வைத்திருப்பேன். இது என் சொந்தக் கண்டுபிடிப்பன்று. நேத்தன் அஸ்ரின், கிரகரி நன் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1973இல் வெளியிட்ட பழக்கமாற்றப் பயிற்சியின் நடுப்பகுதி இதுதான்: பழக்கம் எழும் கணத்தை அறிந்துகொள்வது, அந்தக் கணத்தில் கடிப்பதோடு சேர்ந்து செய்ய முடியாத வேறொரு வேலையைக் கைக்குக் கொடுப்பது, இதை அறிந்த ஒருவரை வீட்டில் துணையாக வைத்துக்கொள்வது. மூடிய கையில் கடிக்க நகம் அகப்படாது என்பதுதான் அதிலுள்ள சூட்சுமம்.

முஷ்டி எல்லா நேரமும் கைகொடுக்கவில்லை. சில வேளைகளில் கை ஏற்கெனவே பாதி தூரம் போயிருக்கும். அதற்கு ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரத்து உளவியலாளர் ஸ்டெஃபன் மோரிட்ஸ் ஒரு வேறு வழியைச் சொல்லியிருக்கிறார். கை எழுவதை நிறுத்தாமல், முகத்தை நெருங்கும் கடைசிக் கணத்தில் சட்டென்று காதுமடலுக்கோ வேறொரு பக்கத்துக்கோ திருப்பிவிடுவது. வீட்டில் தனியாக இருந்து இதைப் பல தடவை ஒத்திகை பார்த்தேன். சில வாரங்களில் கை தானாகவே காதுக்குப் போகத் தொடங்கியது. 31 வருடம் வாய்க்கு மட்டும் வழி தெரிந்திருந்த கை அது.

நடுவில் ஒரு சறுக்கலும் வந்தது. அப்பா வைத்தியசாலையில் இருந்த பத்து நாட்களில் பத்து நகங்களும் போய்விட்டன. முன்பாக இருந்தால் எல்லாம் முடிந்தது என்று விட்டிருப்பேன். இம்முறை கொப்பியை மீண்டும் எடுத்து எழுதினேன். கை நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் வளரும். அடியிலிருந்து முழுவதும் புதிதாக வர நான்கு முதல் ஆறு மாதம் பிடிக்கும். ஆகவே ஒரு மாதத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று தயவுசெய்து மனம் விட்டுவிடாதீர்கள்.

மனநோயா என்று கேட்டிருந்தீர்கள். கடிப்பவர்களில் பெரும்பாலானோருக்கு இது ஒரு பழக்கம் மட்டுமே. விட முயன்றும் முடியாமல், காயமும் மனவேதனையும் தரும் அளவுக்குப் போனால், முடி பிடுங்குவது, தோலைக் கிள்ளுவது ஆகியவற்றோடு சேர்த்து உடலை நோக்கிய மீள்செயல்கள் என்ற வகையில் வைத்தியர்கள் இதைக் கருதுகிறார்கள். அதற்கு உதவி கேட்பதில் வெட்கப்பட ஏதுமில்லை. வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போகலாம். முதலில் கதைத்துப் பார்க்க மட்டும் விரும்பினால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கம் இருக்கிறது. விளக்கின் முன்னிருந்து வெளிச் சத்தத்துக்குக் காது கொடுத்த அந்த இரவுகளைப் பற்றி நீங்கள் எழுதியதை நான் இரண்டு தடவை வாசித்தேன். அந்த இரவுகளில் எங்களில் பலருக்கும் கைக்கு எட்டிய ஒரே ஆறுதல் இதுதான். அதற்காக உங்களை நீங்களே குற்றம் சாட்டிக்கொள்ள வேண்டாம்.

பதில் 3: கன்னியா மாணவன்

அக்கா, மகளைப் பற்றிப் பயப்படுவதால் இதைச் சொல்கிறேன். நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972, 1973ஆம் ஆண்டுகளில் பிறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்து வரும் ஆய்வு ஒன்றின் முடிவு 2016இல் வெளியானது. சிறுவயதில் விரல் சூப்பாமலும் நகம் கடிக்காமலும் இருந்தவர்களில் 49 வீதமானோருக்கு 13 வயதில் தோல் பரிசோதனையில் ஒவ்வாமை தெரிந்தது; இவற்றில் ஒரு பழக்கமாவது இருந்தவர்களில் அது 38 வீதம். ஆஸ்துமாவில் அத்தகைய வேறுபாடு இல்லை. பிள்ளைகளை இதற்காகக் கடிக்க விடுங்கள் என்று அந்த ஆய்வாளர்கள் சொல்லவுமில்லை. ஒரு மாதமாக விரல் வாய்க்குப் போனதால் பெரிய தீங்கு நடந்துவிட்டதாக நீங்கள் எண்ண வேண்டாம் என்பதற்காகவே எழுதினேன்.

பதில் 4: கிண்ணியா ஆசிரியை

வணக்கம் சகோதரி. ஆரம்பப் பிரிவில் 19 வருடம் கற்பிக்கிறேன். வகுப்பில் நகம் கடிக்கும் பிள்ளைகள் எப்போதும் இருப்பார்கள். வளர வளரப் பலர் தாமாகவே விட்டுவிடுகிறார்கள். நான் ஆரம்பத்தில் "கையை எடு" என்று எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டதுண்டு. அந்தப் பிள்ளைகள் கையை எடுத்தார்கள். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பியவுடன் மேசைக்கு அடியில் குனிந்து கடித்தார்கள். ஏச்சு பழக்கத்தை ஒளித்துவைக்கக் கற்றுக்கொடுத்ததேயன்றி வேறெதையும் செய்யவில்லை என்பதை நான் புரிந்துகொள்ளச் சில வருடங்கள் எடுத்தன, அதற்காக இன்றும் வருந்துகிறேன்.

இப்போது அப்படிப்பட்ட பிள்ளையின் கையில் களிமண்ணையோ ஓலைக் கீற்றையோ கொடுத்து ஏதாவது செய்ய விடுகிறேன், வாசிப்பு நேரத்தில் வரிகளை விரலால் தொட்டு வரச் சொல்கிறேன். நகம் வெட்டும் நாளையும் ஒழுங்காக வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீடுகளில் ஜும்ஆவுக்கு முன் வெள்ளிக்கிழமை வெட்டுவோம். உங்கள் வீடுகளில் வெள்ளிக்கிழமை ஆகாது என்பார்கள், ஆகவே உங்களுக்கு ஏற்ற ஒரு நாளைத் தெரிந்துகொள்ளுங்கள். நாள் எதுவானாலும் கடிக்க ஓரம் இல்லாமல் நகம் ஒட்ட வெட்டி மழுமழுப்பாக இருப்பதுதான் வேண்டியது. மகளிடம் "நானும் இதை விட முயல்கிறேன், எனக்கு உதவி செய்வாயா?" என்று கேட்டுப் பாருங்கள். உதவி கேட்கப்பட்ட பிள்ளை தன்னைக் குற்றவாளியாக நினைக்காது.

உவர்மலைத் தாய் மீண்டும் எழுதுகிறார்

ஏழு வாரத்துக்குப் பிறகு எழுதுகிறேன். அன்றே வெந்நீர் வைத்தும் சீழ் கட்டியதால் மறுநாள் வெளிநோயாளர் பிரிவுக்குப் போனேன்; சிறிதாகக் கீறி விட்டார்கள், அந்த இரவே தூங்கினேன். கொப்பி எழுதியதில், நான் கடிப்பது பெரும்பாலும் தொலைபேசியில் அடுத்தவர் எடுக்கும்வரை காத்திருக்கும்போதும், மகள் பாடம் ஒப்புவிக்கும்போதும் என்று தெரிந்தது. இரண்டாவதைக் கண்டபோது அழுதுவிட்டேன், ஏனெனில் அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் அதுதான்.

ஆசிரியை சொன்னபடி அவளிடம் உதவி கேட்டேன். என் கை எழும்போது அவள் ஒன்றும் பேசாமல் தன் காதைத் தொடுவாள். அவள் கை எழும்போது நான் தொடுவேன். இடது கையில் கட்டைவிரலைத் தவிர நான்கிலும் வெள்ளை ஓரம் தெரிகிறது. வலது கையில் இரண்டில்தான். கட்டைவிரல்கள் இரண்டுக்கும் இன்னும் பிளாஸ்டர் சுற்றித்தான் வைத்திருக்கிறேன். நேற்றுக் கருமபீடத்தில் ஒரு முதியவருக்குப் படிவத்தில் இடத்தை விரலால் காட்டினேன்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். புதிதாக வளரும் ஓரம் மெல்லிய தகடாகப் பிளக்கிறது. அது அகப்பட்டால் கட்டைவிரல் உடனே தேடத் தொடங்கிவிடுகிறது. அரத்தை எப்படிப் பிடிப்பது?

உப்புவெளித் தாதி

அரத்தை முன்னும் பின்னும் இழுக்காமல், ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒரே திசையில் தேயுங்கள். குளித்தவுடனோ பாத்திரம் கழுவியவுடனோ நகம் ஊறி மென்மையாக இருக்கும். அப்போது தேய்த்தால் இன்னும் பிளக்கும். நன்றாகக் காய்ந்த பிறகு தேய்த்து, படுக்கப் போகும் முன் ஒவ்வொரு நகத்துக்கும் அதைச் சுற்றியுள்ள தோலுக்கும் ஒரு துளி தேங்காயெண்ணெய் தடவுங்கள். மகளுக்கும் தடவிவிடுங்கள்.