சாயக்கழிவுக்கான கரி: பீக்கரிலிருந்து பட்டறைக்குக் கொண்டுபோக எந்த அரசு உதவி கிடைக்கும்?

கரிவேதியன்:
வணக்கம். ஈரோடு பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். கொட்டாங்குச்சிக் கரியை ஒரு முறையில் பதப்படுத்தினால், திருப்பூர் சாயப்பட்டறைகளின் ஆர்ஓ ரிஜெக்ட்டில் (கழிவுநீரைச் சுத்திகரித்தபின் மிஞ்சும் உப்புத் தண்ணீரில்) மிச்சமிருக்கும் நிறத்தை நன்றாக இழுத்துவிடுகிறது. நிறம் போன அந்த உப்புத் தண்ணீரை மறுபடி சாயம் போடவே பயன்படுத்தலாம் என்பது என் எண்ணம். இதுவரை எல்லாம் பீக்கரில்தான். கல்லூரியில் உடனே பேப்பர் போடச் சொல்கிறார்கள், எனக்கோ இதை விற்கிற பொருளாக்க வேண்டும் என்று ஆசை. கம்பெனி எதுவும் இல்லை, கையில் பணமும் இல்லை. மத்திய அரசு ஆராய்ச்சிக்கு ஒரு லட்சம் கோடி அறிவித்ததே, அதில் கேட்கலாமா?

நொய்யல்வாசி:
முதலில் பேப்பரை நிறுத்தி வையுங்கள். வெளியானபிறகு காப்புரிமை கேட்டால் புதுமை போய்விட்டது என்று தள்ளிவிடுவார்கள், சட்டத்தில் இருக்கும் விதிவிலக்குகள் மிகக் குறுகியவை. மாநாட்டில் போஸ்டர் வைத்தாலும் இதே ஆபத்துதான். புரொவிஷனல் (தற்காலிக) விண்ணப்பம் போட்டால் முழு விவரம் தர 12 மாதம் கிடைக்கும், தனிநபர் ஆன்லைனில் போட அரசுக் கட்டணம் 1,600 ரூபாய்தான். கல்வி நிறுவனங்களுக்கும் 2021 முதல் கட்டணத்தில் 80 சதவீதம் சலுகை உண்டு. ஆனால் அதற்கு முன்னால் உங்கள் நியமன உத்தரவை எடுத்துப் படியுங்கள். கல்லூரி ஆய்வகத்தில் செய்தது கல்லூரிக்கே சொந்தம் என்று இருந்தால் அவர்கள் பெயரிலேயே விண்ணப்பித்துவிட்டு, நாளைக்கு நீங்கள் தொடங்கும் கம்பெனிக்கு உரிமம் தருவோம் என்று இப்போதே எழுதி வாங்குங்கள். பொருள் விலைபோக ஆரம்பித்தபிறகு அந்தப் பேச்சை எடுத்தால் இழுபறிதான்.

இன்குபேட்டர்காரன்:
அந்த ஒரு லட்சம் கோடி இப்போதைக்கு உங்களுக்கு ஆகாது. 2025 ஜூலையில் அமைச்சரவை ஒப்புதல் தந்த ஆர்டிஐ (RDI - ஆராய்ச்சி, மேம்பாடு, புத்தாக்கம்) திட்டம் அது, பெரும்பாலும் குறைந்த வட்டியில் நீண்டகாலக் கடனாக நிறுவனங்களுக்குப் போவது, தொழில்நுட்பம் அதன் தயார்நிலையை அளக்கும் ஒன்பது படியில் நாலாவது படிக்காவது வந்திருக்க வேண்டும். உங்களுக்குப் பொருந்துவது மத்திய அரசின் நிதி-பிரயாஸ் திட்டம். மாதிரிப் பொருள் செய்ய 10 லட்சம் வரை தருவார்கள், கம்பெனி இல்லாத தனிநபரும் கேட்கலாம். டெல்லிக்கு நேராக அனுப்ப முடியாது, பிரயாஸ் மையமாக இருக்கிற இன்குபேட்டர் (புதுத் தொழில்களை வளர்த்துவிடும் மையம்) வழியாகத்தான். மாநில அரசு புதுக் கம்பெனிகளுக்குத் தரும் டான்சீட் நிதி, கம்பெனி பதிவு செய்தபிறகுதான். எதுவானாலும் பணம் தவணையாகத்தான் வரும், மொத்தமாகக் கைக்கு வரும் என்று நம்பி கரி உலைக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

சாயக்காரர்:
சார், நான் பட்டறை நடத்துகிறவன். 2011-இல் கோர்ட் உத்தரவில் பட்டறைகளை மொத்தமாக மூடினார்களே, அதிலிருந்து தண்ணீர் விஷயத்தில் நாங்கள் யாரையும் வாயால் சொன்னால் நம்புவதில்லை. பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் போட லிட்டருக்கு 40லிருந்து 80 கிராம் உப்பு போகும், அது திரும்பக் கிடைக்கிறது என்றால் யாரும் கேட்காமல் இருக்க மாட்டோம். ஆனால் நிறம் போனது மட்டும் போதாது, கால்சியமும் மெக்னீசியமும் அதில் இருந்தால் துணி திட்டுத் திட்டாக வரும், ஷேடு மாறினால் ஆர்டரே போச்சு. இன்னொன்று, சாயம் குடித்த கரியை யார் எடுத்துக்கொள்வது? ஏற்கனவே ஸ்லட்ஜும் (கழிவுச் சேறு) மிக்ஸ்டு சால்ட்டும் (கலப்பு உப்பு) குடோனில் மூட்டை மூட்டையாகக் கிடக்கின்றன. திரும்பச் சூடாக்கி எத்தனை தடவை பயன்படுத்தலாம் என்று காட்டுங்கள். விண்ணப்பத்தோடு ஒரு பட்டறையின் சோதனை ஒப்புதல் கடிதமும் இருந்தால் நிதி தரும் குழுவில் எடுபடும். அந்தக் கடிதத்தை நான் தருகிறேன்.

கரிவேதியன்:
மிக்க நன்றி. கால்சியம், மெக்னீசியத்தால் வரும் கடினத்தன்மையை நான் அளக்கவே இல்லை, இந்த வாரமே பார்க்கிறேன். பேப்பரைத் தள்ளிவைப்பது பற்றி துறைத்தலைவரிடமும் பேசுகிறேன். சாயக்காரர் அண்ணா, கேனில் சாம்பிள் எடுக்க வந்தால் எந்த இடத்தில் பிடிக்க வேண்டும்?

சாயக்காரர்:
ஆர்ஓ ரிஜெக்ட் டேங்கில், தண்ணீரை ஆவியாக்கும் எவாப்பரேட்டருக்குப் போவதற்கு முன்னால். கருப்பு ஓடும் நாளில் ஒன்று, வெளிர் நிறம் ஓடும் நாளில் ஒன்று, இரண்டும் எடுங்கள். காலையிலேயே வந்துவிடுங்கள், மதியத்துக்கு மேல் லாட் மாறிவிடும்.