புதுப்பிப்பு: வாடிக்கையாளர் மென்பொருளில் இரட்டைப் பதிவு, வழி கிடைத்துவிட்டது

எங்கள் பம்ப்செட் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பட்டியலை எக்செலிலிருந்து புதிய மென்பொருளுக்கு மாற்றும்போது ஒரே கடை மூன்று நான்கு முறை பதிவாகிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

பெயரை வைத்து ஒப்பிட்டதுதான் தவறு. ஒரே கடையை ஒருவர் 'ஸ்ரீ' சேர்த்து எழுதியிருக்கிறார், இன்னொருவர் ஊர்ப் பெயர் சேர்த்து. இப்போது ஜிஎஸ்டி எண்ணையே அடையாளமாக வைத்திருக்கிறேன். அந்த 15 இடங்களில் முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33, கேரளத்துக்கு 32. அடுத்த பத்தும் பான் எண். கோவையிலும் பாலக்காட்டிலும் கடை வைத்திருப்பவருக்கு இரண்டு ஜிஎஸ்டி எண்கள் இருந்தாலும், பான் பகுதி ஒன்றேதான் என்பதால் பிடிபட்டுவிடுகிறார். ஜிஎஸ்டி இல்லாத விவசாயிகளுக்குக் கைபேசி எண்ணின் கடைசிப் பத்து இலக்கங்கள் போதும்; முன்னால் +91 இருந்தாலும் 0 இருந்தாலும் கவலையில்லை.

தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாக மாறிய சிக்கல், பட்டியலை வெறும் எழுத்தாக வைக்கும் சிஎஸ்வி கோப்பை, தமிழ் எழுத்துகளையும் தாங்கும் யுடிஎஃப்-8 வடிவில் சேமித்ததும் தீர்ந்தது.

உண்மையில் நான் பயந்தது எங்கள் மூத்த விற்பனையாளர் அண்ணனை நினைத்துத்தான். கணினிப் பக்கமே வரமாட்டேன் என்றவர். அவருடைய பழைய நோட்டைப் புரட்டினால், ஒரு கடைக்கு நேராக "வியாழன் சந்தை, அன்று கூப்பிடக் கூடாது" என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார். எந்த மென்பொருளிலும் இல்லாத செல்வம் அது! அதற்கென்றே தனிக் கட்டம் ஒன்று சேர்த்தேன். நேற்று அவரே உட்கார்ந்து, ஒற்றை விரலால், பதினோரு கடைகளுக்கு நிரப்பினார்.