திருகோணமலையில் டைவ் முடித்த அன்றே நுவரெலியா ஏறலாமா?

வைகைக்கரை எழுதியது:

வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படிப்பதோடு சரி, இதுதான் முதல் பதிவு. மே மாதம் நானும் என் மச்சானும் இலங்கை போகிறோம், மொத்தம் 6 நாள். சென்னையிலிருந்து கொழும்பு இறங்கி நேராகத் திருகோணமலை, அங்கே மூன்று நாளில் ஓப்பன் வாட்டர் கோர்ஸ் (ஸ்கூபா டைவிங்கின் முதல்நிலைப் பயிற்சி), 4-ஆம் நாள் காலை கடைசி டைவ் முடிந்ததும் சாப்பிட்டுவிட்டு மத்தியானமே கார் பிடித்து நுவரெலியா, அங்கே ஒரு நாள் சுற்றிவிட்டு கண்டி வழியாக 6-ஆம் நாள் இரவு விமானம். டைவுக்குப் பிறகு 24 மணி நேரம் விமானம் ஏறக்கூடாது என்று படித்தேன், அதை ஒழுங்காகக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன், இரண்டு நாளுக்கு மேலேயே இடைவெளி இருக்கிறது. வேறு எதையாவது கோட்டை விட்டிருந்தால் சொல்லுங்கள்.

இன்னொன்று. போன வருஷம் புதுச்சேரியில் பயிற்சி எதுவும் இல்லாமல் சும்மா ஒரு டைவ் முயன்று பார்த்தேன். நான்கு மீட்டர்கூடப் போயிருக்க மாட்டேன், இடது காதில் ஊசியால் குத்தியதுபோல வலி. கூட வந்தவர் கையைப் பிடித்து இறக்கிக்கொண்டே போனார், நான் காதைக் காட்டினேன், அவர் ஓகே என்று விரலைக் காட்டிவிட்டு இன்னும் இறக்கினார். மேலே வந்தபோது மாஸ்க்குக்குள் கொஞ்சம் ரத்தம். இரண்டு நாள் காது அடைத்தே இருந்தது. எனக்கு இதெல்லாம் ஒத்துவராதோ என்ற பயம் அதிலிருந்துதான். அம்மாவோ செங்கடலில் டைவ் படகு கவிழ்ந்த செய்தியை இன்னும் மறக்கவில்லை, கோர்ஸ் என்ற பேச்சை எடுத்தாலே அதைத்தான் சொல்கிறார்.

மேலும் ஒன்று, மட்டக்களப்புப் பக்கம் ஹெர்மிஸ் என்று ஒரு போர்க்கப்பல் கடலடியில் கிடக்கிறதாமே, கோர்ஸ் முடித்த கையோடு அதைப் பார்க்க முடியுமா?

திருக்கை_சென்னை எழுதியது:

வாங்க நண்பரே. உங்கள் கணக்கில் விமானம் சரி, மலைதான் தப்பு. இந்தத் தப்பை நிறையப் பேர் செய்கிறார்கள், நல்லவேளை முன்னாலேயே கேட்டீர்கள்.

விமானம் 35,000 அடியில் பறந்தாலும் உள்ளே இருக்கும் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள மலையில் இருப்பதுபோலத்தான் வைத்திருப்பார்கள். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 1,870 மீட்டர், அதாவது 6,100 அடிக்கு மேல். ஆக, மத்தியானம் காரில் மலை ஏறுவதும் மத்தியானமே விமானம் ஏறுவதும் உடம்புக்கு ஒன்றுதான். காரில் டிக்கெட் கேட்க மாட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

கோலி சோடாவை நினைத்துக்கொள்ளுங்கள். கோலி அடைத்திருக்கும்வரை உள்ளே எதுவும் தெரியாது, கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினால் குபுகுபு என்று கிளம்பும். 18 மீட்டர் ஆழத்தில் நாம் சுவாசிக்கும் காற்று மேலே இருப்பதைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு அழுத்தத்தில் வருகிறது, அதிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் சதையிலும் கரைந்து தங்கிவிடும். மெதுவாக ஏறி வந்தால் நுரையீரல் வழியாகத் தானே வெளியேறும். மிச்சம் உள்ளே இருக்கும்போதே அழுத்தம் இன்னும் குறைந்த இடத்துக்குப் போனால் குமிழியாகக் கிளம்பும். மூட்டுவலி, மரத்துப்போதல், தோலில் திட்டுத் திட்டாகத் தடிப்பு, காரணமே தெரியாத அசதி, மோசமானால் கால் வராமல் போவதுவரை எல்லாம் அதில் வரும்.

டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் (சுருக்கமாக டான்) என்ற டைவ் பாதுகாப்பு அமைப்பு சொல்லும் கணக்கு: ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், ஒரே நாளில் பல டைவ் அல்லது பல நாள் டைவ் என்றால் குறைந்தது 18 மணி நேரம், நடுவில் நின்று நின்று ஏறவேண்டிய ஆழமான டைவ் என்றால் அதைவிட நன்றாகவே கூடுதல். நீங்கள் கோர்ஸில் நான்கு டைவ் செய்வீர்கள், அதனால் 18 மணி நேரம் என்பது அடிமட்டக் கணக்கு. நான் 24-க்குக் கீழே போவதே இல்லை. ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிட டைவர்கள் கையில் கட்டும் டைவ் கம்ப்யூட்டரிலும் இந்த நேரத்தைக் காட்டும், பல மாடல்களில் சின்னதாக ஒரு விமானப் படம் போட்டிருப்பார்கள். அந்தப் படம்தான் வினையே, விமானம் ஏறவில்லை, காரில்தானே போகிறோம் என்று ஜனங்கள் நினைத்துவிடுகிறார்கள். நம்மூரில் புதுச்சேரியில் டைவ் போட்டுவிட்டு அன்று இரவே ஊட்டி, கொடைக்கானல் கிளம்புகிறவர்களுக்கும் இதே பேச்சுதான், இரண்டுமே நுவரெலியாவைவிட உயரம்.

அம்மா சொல்லும் செங்கடல் படகு 2024 நவம்பரில் மூழ்கிய சீ ஸ்டோரியாக இருக்கும். 11 பேர் இறந்தோ காணாமலோ போனார்கள், கொடுமையான விஷயம்தான். ஆனால் அது நாள்கணக்கில் கடலிலேயே தங்கும் படகு, அதிகாலையில் பலர் அறைக்குள் இருந்தபோது கவிழ்ந்தது. 2019-இல் கலிஃபோர்னியாவில் கன்செப்ஷன் என்ற படகு எரிந்து 34 பேர் போனதும் அப்படித்தான், எல்லோரும் கீழ்த்தளத்தில் தூங்கிக்கொண்டிருந்தார்கள், இரவில் சுற்றிப் பார்க்கக் காவலுக்கு ஆள் விழித்திருக்கவில்லை என்பதை விசாரணையில் பெரிய குறையாகச் சொன்னார்கள். நீங்கள் போவது காலையில் போய் மத்தியானம் கரைக்கு வரும் படகு. அதில் பார்க்க வேண்டியது வேறு: ஆக்சிஜன் சிலிண்டர் படகிலேயே இருக்கிறதா, தண்ணீரிலிருந்து ஏறியதும் தலை எண்ணுகிறார்களா. இந்த இரண்டையும் முதல் நாளே கேளுங்கள். கேட்டதற்கு முகம் சுளித்தால் வேறு கடை பாருங்கள்.

முத்துநகர்_பையன் எழுதியது:

மேலே அண்ணன் சொன்ன கோலி சோடாவை நான் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். எங்கள் ஊர் தூத்துக்குடி. தாத்தா காலத்தில் மூச்சடக்கிச் சங்கு குளித்தார்கள். சித்தப்பா காலத்தில் படகில் கம்ப்ரசரை வைத்து, நீளமான குழாயை வாயில் கவ்விக்கொண்டு இறங்க ஆரம்பித்தார்கள். மீட்டரும் கிடையாது, கடிகாரமும் கிடையாது. பை நிறைந்தால் மேலே வருவது, கொட்டிவிட்டுத் திரும்ப இறங்குவது.

ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் வலது தோளைப் பிடித்துக்கொண்டு திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டார். சட்டையைக்கூடக் கழற்ற முடியவில்லை. எல்லோரும் வாயுப்பிடிப்பு என்றார்கள். பாட்டி தைலம் தேய்த்து, பூண்டு ரசம் வைத்துக்கொடுத்து, உப்பு ஒத்தடம் போட்டார். வாயு என்று சொன்னதில் தப்பில்லை பாருங்கள், எந்த வாயு என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்து முழங்காலுக்குக் கீழே உணர்ச்சி இல்லை என்ற பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். பிழைத்துக்கொண்டார். ஆனால் இன்றுவரை படி ஏறும்போது கைப்பிடிச் சுவரைப் பிடித்துத்தான் ஏறுவார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், டைவுக்குப் பிறகு தோள் வலித்தால் நாமும் சிலிண்டர் தூக்கிய வலி என்றுதான் நினைப்போம். மாத்திரை போட்டுப் படுத்துவிடாதீர்கள், உடனே இன்ஸ்ட்ரக்டரிடம் சொல்லுங்கள். முதலில் கொடுக்க வேண்டியது சுத்தமான ஆக்சிஜன், அதற்குப் பிறகு, உடம்பைத் திரும்ப அழுத்தத்தில் வைத்துக் குமிழிகளை அடக்கும் அழுத்த அறை உள்ள ஆஸ்பத்திரி. நீங்கள் சேரும் கடையில், பக்கத்தில் அந்த அறை எங்கே இருக்கிறது, அங்கே எப்படிக் கொண்டுபோவீர்கள் என்று கேட்டு வையுங்கள். பயண இன்சூரன்ஸ் எடுத்தால் ஸ்கூபா அதில் சேருமா, எத்தனை மீட்டர்வரை என்பதையும் பொடி எழுத்தில் தேடிப் படியுங்கள்.

மட்டுநகரான் எழுதியது:

தம்பி, உங்கட பயணத்தைத் தலைகீழாக்கினால் பிரச்சினை முடிந்தது. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி முதல் கண்டி, நுவரெலியா, அதன் பிறகு மலையிறங்கித் திருகோணமலை. கடைசி டைவை 5-ஆம் நாள் பகலுக்குள் முடித்தால் அடுத்த நாள் இரவு விமானத்துக்கு 24 மணித்தியாலத்துக்கு மேல் கிடைக்கும், கொழும்புக்குத் திரும்புகிற பாதையிலும் பெரிய மலை இல்லை. ஒரே சிக்கல், மலையில் குளிர் பிடித்துத் தடிமனோடு கடலுக்கு வராதீர்கள், மூக்கு அடைத்தால் காதும் அடைபடும்.

மே நல்ல காலம். கிழக்குக் கடல் ஏப்ரலிலிருந்து செப்டெம்பர் வரை தெளிவாக இருக்கும், அந்த நேரம் தெற்கே ஹிக்கடுவை, உனவட்டுனப் பக்கம் கடல் கொந்தளிப்பு. வாடைக் காலத்தில் அப்படியே மாறும். காலையிலேயே வெளிக்கிடுங்கள், பின்னேரம் காற்று எழும்பினால் படகில் ஏறுவதே ஒரு வேலை. நிலாவெளிக்கு முன்னால் இருக்கிற புறாத்தீவு 2003-இலிருந்து தேசியப் பூங்கா. அங்கே கருப்புச் செட்டை முனை வைத்த சின்னச் சுறாக்கள் ஆழமில்லாத தண்ணியிலேயே சுற்றும், நீங்கள் ஒன்றும் செய்யாவிட்டால் அவை திரும்பியும் பார்க்காது. பவளத்தில் மட்டும் காலை வைக்காதீர்கள், அது செத்துக்கொண்டு வருவதற்கு நாங்கள் மிதித்ததும் ஒரு காரணம். கோணேசர் கோயில் இருக்கிற சுவாமி மலையடியிலும் இறங்குவார்கள், ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் 1956-இல் பழைய கோயிலின் இடிபாடுகளைக் கண்டது அந்த மலையடித் தண்ணிக்குள்தான்.

ஹெர்மிஸை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். 1942 ஏப்ரல் 9-ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டுத் தாழ்த்திய விமானந்தாங்கிக் கப்பல் அது, 300-க்கு மேற்பட்ட ஆட்களோடு போனது. கிடப்பது 50 மீட்டருக்கும் கீழே. ஓப்பன் வாட்டருக்கு எல்லை 18 மீட்டர், அதற்கு அடுத்த நிலையான அட்வான்ஸ்டுக்கு 30, பொழுதுபோக்கு டைவுக்கே ஆகக்கூடியது 40. அதற்கு மேல் தனிப் பயிற்சி, தனிக் காற்றுக் கலவை, நீரோட்டமும் பலம். அதே நாள் தாழ்ந்த பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பல் பாசிக்குடாவுக்கு வடக்கே 30 மீட்டருக்குள்ளேயே கிடக்கிறது. அட்வான்ஸ்டு முடித்துவிட்டு வாருங்கள், அதைப் பார்க்கலாம். சும்மா சொல்லவில்லை, அந்தக் கப்பலுக்குள் மீன் கூட்டம் கூரையை மறைக்கும்.

வைகைக்கரை எழுதியது:

அண்ணே, எல்லோருக்கும் நன்றி. நுவரெலியா விஷயம் சத்தியமாகத் தெரியாது, மச்சானிடம் சொன்னேன், முதலில் நம்பவில்லை, உயரக் கணக்கைக் காட்டியதும் அமைதியாகிவிட்டான். காது பற்றி மட்டும் யாரும் பேசவில்லையே?

அலைமகள் எழுதியது:

நான் பேசுகிறேன், எனக்கும் அதே இடது காது.

முதலில், புதுச்சேரியில் நடந்தது உங்கள் காதின் குறை என்று நீங்களாக முடிவுகட்ட வேண்டாம். காது வலி என்று காட்டிய பிறகும் ஒருவர் இறக்கிக்கொண்டு போனால் குறை அவரிடம். வலி வந்தால் நிறுத்துவது, ஒரு மீட்டர் மேலே வந்து திரும்ப முயல்வது, முடியாவிட்டால் டைவையே விட்டுவிட்டு ஏறுவது, இதுதான் முறை. டைவை யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. இதைக் கோர்ஸில் சொல்லிக்கொடுப்பார்கள், முயன்று பார்க்க வருகிறவர்களுக்குச் சில கடைகளில் அவசரத்தில் சொல்வதே இல்லை.

பலரும் ஆழத்தில்தான் காது வலிக்கும் என்று நினைக்கிறார்கள். இல்லை, முதல் 10 மீட்டர்தான் மோசம். மேலிருந்து 10 மீட்டர் போவதற்குள் அழுத்தம் இரண்டு மடங்காகிவிடும், அதற்குப் பிறகு 20 மீட்டர் ஆழத்துக்குப் போனாலும் மொத்தம் மூன்று மடங்குதான். அதனால் நான்கு மீட்டரில் குத்தியதில் ஆச்சரியமே இல்லை.

நான் செய்வதைச் சொல்கிறேன். படகிலேயே எச்சில் விழுங்கி, காதில் டிக் என்று சத்தம் வருகிறதா என்று பார்ப்பேன். தண்ணீரில் தலை மறையும் முன்பே மூக்கைப் பிடித்து மெதுவாக ஒருமுறை ஊதிவிடுவேன். பிறகு கால் கீழே, தலை மேலே என்று நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்குவேன், ஒவ்வொரு அரை மீட்டருக்கும் ஒரு ஊதல். வலித்த பிறகு ஊதினால் காரியம் கெட்டது, காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருக்கும், அப்போது பலம்கொண்ட மட்டும் ஊதினால் உள்காதே கிழியலாம். என்னுடைய முதல் கோர்ஸில் மற்ற மூன்று பேர் கீழே மணலில் முட்டிபோட்டு உட்கார்ந்திருக்க, நான் மட்டும் எட்டு நிமிஷம் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தேன், இன்ஸ்ட்ரக்டரும் என்கூடவே தொங்கினார். கடைசியில் தாடையை முன்னால் தள்ளிக்கொண்டு விழுங்கினேன், கீச் என்று ஒரு சத்தம், திறந்துவிட்டது.

மூக்கடைப்புக்கு ஸ்ப்ரே அடித்துக்கொண்டு இறங்காதீர்கள். பாதியில் மருந்தின் வேகம் தீர்ந்தால் ஏறும்போது உள்ளே மாட்டிய காற்று வெளியே வராது, அந்த வலி இறங்கும் வலியைவிட மோசம், கீழேயே இருந்துவிடவும் முடியாது. கிளம்புவதற்கு முன்னால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள், ரத்தம் வந்ததையும் சொல்லுங்கள். கோர்ஸுக்கு முன்னால் தரும் மருத்துவப் படிவத்தில் வீசிங், ஆஸ்துமா எல்லாம் கேட்பார்கள், இருந்தால் இல்லை என்று டிக் போடாதீர்கள். காது தப்பினாலும் நுரையீரல் தப்பாது. இன்னொன்று, ஏறும்போது மூச்சை அடக்கவே கூடாது, நம் ஊர்க் கிணற்றில் குதித்துப் பழகியவர்களுக்கு அதுதான் கஷ்டம்.

வைகைக்கரை எழுதியது:

தாடையைத் தள்ளிக்கொண்டு விழுங்குவதை இப்போது ஆபீஸில் உட்கார்ந்தே செய்து பார்த்தேன் அக்கா, வலது காதில் டிக் வந்தது, இடது இன்னும் யோசிக்கிறது. டாக்டரிடம் சனிக்கிழமை நேரம் வாங்கிவிட்டேன். ஹோட்டல் தேதியையும் மாற்றிவிட்டேன், மலை முதலில், கடல் பிறகு.

மட்டுநகரான் எழுதியது:

நல்லது தம்பி. இன்னொரு விஷயம், மேயில் புத்த சமயப் பண்டிகையான வெசாக் எந்த நாளில் வருகிறது என்று பார்த்துவிட்டுக் காருக்குச் சொல்லுங்கள். அந்த இரண்டு மூன்று நாளும் வீதியெல்லாம் சனமும் தன்சல் என்கிற இலவசச் சாப்பாட்டுப் பந்தல்களும்தான், கண்டியில் மாட்டினால் அன்றைக்கு மலையேறின மாதிரித்தான்.