மழைச் சத்தத்தை அடக்கும் பள்ளிக்கூரை: ஆலோசனை வேண்டும்

நீலகிரி மாவட்டம் கூடலூர் பக்கம், காட்டுநாயக்கர் பழங்குடிக் குடியிருப்பு ஒன்றுக்கு இரண்டு வகுப்பறைத் தொடக்கப்பள்ளி வடிவமைத்துக்கொண்டிருக்கிறேன். கூரையில் வந்து மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

இப்போது இருப்பது தகரக் கொட்டகை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை அடிக்கும்போது முன் வரிசைப் பிள்ளைக்குக்கூட ஆசிரியர் பேசுவது கேட்பதில்லை. அவர் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறார். வீட்டில் வேறு மொழி பேசுகிற பிள்ளைகள், பாடமோ தமிழில். காதிலேயே விழாவிட்டால் எப்படிப் பிடிபடும்?

தகரத்துக்கு அடியில் மூங்கில் தட்டி கட்டிப் பார்த்தோம். சத்தம் குறைந்தது, ஆனால் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடித்துவிட்டது. மங்களூர் ஓடுகளைக் குரங்குகள் விட்டுவைக்காது, பக்கத்து அங்கன்வாடியில் அதுதான் நடந்தது. கான்கிரீட் தளம் ஊர்ப் பெரியவர்களுக்குப் பிடிக்கவில்லை. லாரியும் கடைசிவரை வராது, அப்புறம் எல்லாமே தலைச்சுமைதான்.

மற்றதெல்லாம் முடிவாகிவிட்டது. மண்கல் சுவர், சுற்றிலும் திண்ணை, நாலு பக்கமும் ஜன்னல். யானை நடமாடும் இடம் என்பதால், உள்ளே இருந்தே வெளியே தெரிய வேண்டும் என்பதில் பெண்கள் கண்டிப்பாக இருந்தார்கள், அது நல்ல யோசனையும்கூட. நிலத்துக்கு, வன நிலத்தைப் பள்ளி போன்ற பொது வசதிகளுக்கு ஒதுக்க வழிசெய்யும் 2006 வன உரிமைச் சட்டம் 3(2) பிரிவின்படி கிராம சபை பரிந்துரை கிடைத்துவிட்டது.

தலைச்சுமையாகக் கொண்டுபோகக்கூடிய, குரங்கு உடைக்காத, பூஞ்சை பிடிக்காத, மழைச் சத்தத்தையும் அடக்குகிற கூரையை எந்தெந்த அடுக்குகளாகப் போடலாம்? கனமழைப் பகுதியில் போட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.