மளிகைப் பை மாறி வந்தபோது: பாலக்காட்டு எல்லைப் பக்கத்து அனுபவங்கள்

கஞ்சிக்கோடு உறுப்பினர்:
செயலியில் ஆர்டர் செய்த மளிகையைக் கொண்டுவந்த ஓட்டுநரிடம் ஓடிபி (ஒருமுறைக் கடவு எண்) சொல்லி அனுப்பிவிட்டுப் பையைப் பிரித்தால், நான் கேட்டிருந்த மட்டா அரிசியும் துவரம்பருப்பும் இல்லை. மேலாக இருந்தது ஒரு குழந்தைப் பால் பவுடர் டப்பா. அதில் முதல் நிலை என்று அச்சிட்டிருந்தது, அதாவது ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கானது. எங்கள் வீட்டில் கைக்குழந்தை இல்லை. பையில் ஒட்டியிருந்த சீட்டின் ஆர்டர் எண்ணும் என் கைப்பேசியில் இருந்த எண்ணும் வேறு வேறு. சேவை மையத்தை அழைத்தேன். பணத்தைத் திருப்பி அனுப்புகிறோம், பொருள்களை நீங்களே வைத்துக்கொள்ளலாம் என்று மரியாதையாகத்தான் சொன்னார்கள். இந்த டப்பாவுக்காகக் காத்திருக்கும் வீட்டுக்கு யார் தகவல் சொல்வார்கள் என்று கேட்டேன்; அவர்கள் புகார் செய்தால் கவனிப்போம் என்பதே பதில். என் பணம் வந்துவிட்டது. ஆனால், கடைகள் அடைத்த பிறகு என் அரிசிப் பையைப் பிரித்துப் பார்த்திருக்கும் அந்தத் தாய் என்ன செய்திருப்பாள் என்ற கேள்வி இன்னும் என்னை விடவில்லை. ஒரு பை மாறியது என்றால் இன்னொரு வீட்டிலும் மாறியிருக்கிறது என்பதை ஏன் எவரும் கணக்கில் எடுப்பதில்லை?

கொழிஞ்சாம்பாறை உறுப்பினர்:
எங்களுக்குப் பையும் சரி, எண்ணும் சரி. உள்ளே ஒரே ஒரு பொருள் மாறியிருந்தது. முழுப் பையும் மாறினால் உடனே தெரிந்துவிடும் என்பதால், இதைத்தான் நான் அதிக ஆபத்தானதாகக் கருதுகிறேன். கேட்ட உப்பு இருப்பில் இல்லாததால், ஏறக்குறைய அதே நிற உறையில் வரும் சோடியம் குறைந்த உப்பை எங்களைக் கேட்காமலே வைத்து அனுப்பியிருந்தார்கள். அப்பாவுக்குச் சிறுநீரகக் கோளாறு இருக்கிறது; பொட்டாசியத்தைக் குறைக்கும்படி மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். சோடியம் குறைந்த உப்பிலோ சாதாரண உப்பின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடுதான் சேர்க்கப்படுகிறது. ஜாடியில் கொட்டப்போன அம்மா, உறையின் பின்புறத்தில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்ட குரல் இன்னும் காதில் இருக்கிறது. இவ்வகை உப்பை உலக சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில் பரிந்துரைத்தபோதும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களை விலக்கியே பரிந்துரைத்தது. கடையில் பொருள் எடுப்பவருக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வைத்திருக்கலாம்.

வேலந்தாவளம் உறுப்பினர்:
கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு கிடங்கில் பொருள் எடுத்துக் கட்டும் வேலை பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன். ஒவ்வொரு பொருளின் பார்கோடையும் ஸ்கேன் செய்துதான் பையில் போடுவோம். தவறான பாக்கெட்டை எடுத்தால் கருவியே காட்டிக்கொடுத்துவிடும். தவறு நுழைவது அதற்குப் பிறகுதான். கூட்டமான நேரத்தில் இரண்டு ஆர்டர்களின் சீட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக அச்சாகி வரும். அவசரத்தில் இதன் சீட்டை அதில் ஒட்டிவிட்டால், எண் பொருந்தும், பொருள் பொருந்தாது. இரண்டு பைகளும் ஒரே ஓட்டுநரிடம் போகும்போது அவர் வாசலில் பை மாற்றிக் கொடுத்தால், கஞ்சிக்கோட்டு அக்காவுக்கு நேர்ந்ததுபோல எண்ணே பொருந்தாது. அக்கா, சேவை மையத்தாரிடம் நீங்கள் கேட்ட கேள்வி நியாயமானது. ஆனால் அதே பயணத்தில் அந்த ஓட்டுநர் கொண்டுபோன மற்ற ஆர்டரைப் பாருங்கள் என்று குறிப்பாகச் சொல்லியிருந்தால், அங்கிருந்தே தேடியிருப்பார்கள். நாங்கள் வேலை பார்த்த இடத்தில் அந்த விவரம் திரையில் தெரியும். கொழிஞ்சாம்பாறை அண்ணன் சொல்வதை மட்டும் ஏற்க முடியவில்லை. மாற்றுப் பொருளுக்கு அனுமதி கேட்டு அழைத்தால் பெரும்பாலானோர் எடுப்பதே இல்லை. மாற்று வேண்டாம் என்று முன்கூட்டியே தேர்வு செய்யும் வசதி எங்கள் செயலியில் இருந்தது; நோயாளி உள்ள வீட்டார் அதைப் பயன்படுத்த வேண்டும்.

கல்பாத்தி உறுப்பினர்:
சைவக் குடும்பமான எங்களுக்கு ஒருமுறை முட்டை அட்டை வந்தது. அத்தை அதைத் தொடவே மறுத்து, வாசற்படியிலேயே வைத்துவிட்டார். அது கிடக்கட்டும். எல்லோரும் பையைப் பிரிக்கும்போதே சீட்டு தெரியும்படி வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். சமைத்த பிறகு புகார் செய்தால் எவரும் நம்ப மாட்டார்கள். உறைமேல் உள்ள பச்சைக் குறியையும், 14 இலக்க உணவு உரிம எண்ணையும், நிகர எடையையும் படம் பிடித்து அனுப்புங்கள். 2020 ஆம் ஆண்டு வந்த மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, நிறுவனம் ஒரு குறைதீர்ப்பு அலுவலரை நியமித்திருக்க வேண்டும். அவர் புகாரைப் பெற்றுக்கொண்டதாக 48 மணி நேரத்துக்குள் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். அவரது பெயரும் தொடர்பு விவரமும் செயலியிலேயே இருக்க வேண்டும். அங்கும் நடக்கவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. இன்னொன்று: சீட்டில் முகவரி இருந்தாலும், பால் பவுடரை நீங்களாகக் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். முன்பின் தெரியாதவர் கையால் வந்த டப்பாவைக் குழந்தைக்குக் கொடுக்க எந்தத் தாய்க்கும் மனம் வராது.

கஞ்சிக்கோடு உறுப்பினர்:
கல்பாத்தி ஐயா, விதிகளைச் சொன்னதற்கு நன்றி. ஆனால் 48 மணி நேரம் என்பது அரிசிக்குப் பொருந்தும், கைக்குழந்தையின் பாலுக்குப் பொருந்தாது. நான் டப்பாவைக் கொண்டுபோக நினைக்கவில்லை. அந்த வீட்டுக்கு உடனே வேறு டப்பா போய்ச் சேர வேண்டும் என்றுதான் கேட்டேன். வேலந்தாவளம் தம்பி, ஓட்டுநரையே நேராக அழைத்திருக்க முடியுமா?

வேலந்தாவளம் உறுப்பினர்:
முடியும் அக்கா, ஆனால் நேரம் குறைவு. ஓடிபி சொல்லும்வரை செயலி வழியாக அவரை அழைக்கலாம். அவர் பயணத்தை முடித்துக்கொண்ட பிறகு அந்த இணைப்பு போய்விடும். ஆகவே பையைக் கையில் வாங்கியதும் முதலில் சீட்டின் எண்ணையும், மேலே தெரியும் ஓரிரு பொருள்களையும் பாருங்கள். ஓடிபியை அதற்குப் பிறகு சொல்லுங்கள். மாறியிருந்தால் அடுத்த பை பெரும்பாலும் அவர் வண்டியிலேயே இருக்கும்.