டென்னன்ட் போன பிறகு டாக்டர் ஹூ பார்க்கவே மனசு வரவில்லை, எனக்கு மட்டும்தானா?

நீலப்பெட்டி (கேள்வி)

காலத்தில் பயணம் செய்யும் டாக்டர் சாகப்போகும்போதெல்லாம் வேறு உடம்பு, வேறு நடிகர் என்று மாறிவிடும் அந்த பிபிசி தொடரை, 2005-இல் மறுபடி தொடங்கியதிலிருந்து வரிசையாகப் பார்த்துக்கொண்டு வருகிறேன். போன வாரம் டேவிட் டென்னன்ட்டின் கடைசி எபிசோட். போக மனமில்லாமல் அவர் நின்ற அந்த நிமிஷத்தில் அழுதே விட்டேன், சொல்ல வெட்கமில்லை. சரி என்று அடுத்ததைப் போட்டால் மாட் ஸ்மித் என்று யாரோ ஒரு பையன். டென்னன்ட்டின் கிழிந்த சட்டையையே மாட்டிக்கொண்டு ஒரு சின்னப் பெண்ணின் சமையலறையில் உட்கார்ந்து ஆப்பிளைக் கடித்துத் துப்புகிறான், யோகர்ட்டைத் துப்புகிறான், ரொட்டியைத் தட்டோடு வாசலுக்கு வெளியே வீசுகிறான், கடைசியில் ஃபிஷ் ஃபிங்கரைக் கஸ்டர்டில் முக்கித் தின்கிறான். இவனா டாக்டர்? நடிப்பு மோசம் என்று சொல்லவில்லை. ஆனால் வேறு யாரோ வீட்டுக்குள் புகுந்து அவருடைய நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. மூன்று எபிசோடோடு நிறுத்திவிட்டேன். உங்களுக்கும் இப்படி இருந்ததா? தொடரலாமா, விட்டுவிடலாமா? ஸ்மித் காலத்தின் கதையை மட்டும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.

மூன்றாம்கண்

கதை சொல்லமாட்டேன். உங்கள் கேள்வியிலேயே ஒன்று கவனித்தேன்: டென்னன்ட் ‘அவர்’, மாட் ஸ்மித் ‘அவன்’. நீங்கள் பார்ப்பது இன்னும் டாக்டரை இல்லை, டென்னன்ட்டின் சட்டையைப் போட்டவனை.

2009 ஜனவரியில் ஸ்மித்தின் பெயரை அறிவித்தபோது அவருக்கு வயது 26, அந்தப் பாத்திரத்துக்கு அதுவரை தேர்வானவர்களிலேயே சின்னவர். ஒரு காட்சி வெளிவருவதற்கு முன்னாலேயே ‘ரொம்பச் சின்னப் பையன்’ என்று புலம்பல். 2013-இல் பீட்டர் கபால்டியை அறிவித்தார்கள், 55 வயது. உடனே ‘ரொம்ப வயசாகிவிட்டது’ என்று புலம்பல். 1963-இல் முதல் டாக்டராக வந்த வில்லியம் ஹார்ட்னலுக்கும் 55தான், அது எத்தனை பேருக்கு ஞாபகம் இருந்ததோ. வயதெல்லாம் சாக்கு. போனவர் போனது வலிக்கிறது, அதை நேராகச் சொல்ல முடியாமல் வந்தவரின் தாடையைக் குறை சொல்கிறோம்.

பழையரேடியோ

இது 1966-லேயே நடந்த கதை. ஹார்ட்னலுக்கு உடல்நிலை சரியில்லை, தொடரையும் நிறுத்த மனமில்லை, அதனால் டாக்டருக்கு உடம்பே புதுப்பித்துக்கொள்ளும் என்று ஒரு வழி கண்டுபிடித்தார்கள். (ரீஜெனரேஷன் என்ற பெயரே 1974-இல்தான் வந்தது.) பேட்ரிக் ட்ரோட்டன் வந்தார், கலைந்த தலை, தொளதொள கால்சட்டை, கையில் ரெக்கார்டர் குழல். பிபிசி அப்போதே பார்வையாளர்களிடம் கருத்துக் கேட்டு அறிக்கை தயாரிக்கும், அதில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். விஞ்ஞானியைக் கோமாளி ஆக்கிவிட்டார்கள் என்பதுதான் சாரம். இன்றைக்கு எழுதுவதற்கும் அதற்கும் வார்த்தைகூட மாறவில்லை.

எனக்குப் பிடித்தது அதைக் கதைக்குள்ளேயே சமாளித்த விதம். பழைய தோழர்கள் பென், பாலி இருவரும் கூடவே இருக்கிறார்கள், பென்னுக்கு இந்த ஆள் மேல் துளி நம்பிக்கை இல்லை. பார்ப்பவன் மனதில் இருக்கும் சந்தேகத்தை அவனே கேட்டுவிடுகிறான். அப்புறம் ஒரு டாலக், அதாவது ஜென்ம விரோதி, இவரைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொள்கிறது. நண்பனுக்குத் தெரியவில்லை, எதிரிக்குத் தெரிகிறது! ஒளிநாடாக்களை பிபிசி அழித்துவிட்டதால் அந்த முதல் கதையை ஒலிப்பதிவை வைத்து 2016-இல் அனிமேஷனாகச் செய்தார்கள், அப்படித்தான் நானும் பார்த்தேன்.

நட்சத்திரதூசி

பழையரேடியோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு ஒன்று. முகம் மாறும்போது தெரிந்த ஒரு ஆள் பக்கத்தில் இருந்தால் பாதி வருத்தம் அடங்கிவிடும் என்பது என் கட்சி. நீலப்பெட்டி, 2005-இன் டாக்டர் எக்கிள்ஸ்டன் போய் டென்னன்ட் வந்தபோது உங்களுக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்ததா? இருந்திருக்காது, கூடவே பயணம் செய்த ரோஸ் இருந்தாள். அந்த முதல் எபிசோடில் டென்னன்ட் பெரும்பாலான நேரம் பைஜாமாவோடு படுக்கையில் கிடக்கிறார், புது நாயகனைத் தூங்கவைத்துவிட்டு ‘அவர் என்னை விட்டுப் போய்விட்டார்’ என்று ரோஸை அழவிடுகிறார்கள். நமக்குப் பதிலாக அவள் அழுது முடித்த பிறகுதான் அவர் எழுந்து வருகிறார். கபால்டிக்கும் ஸ்மித்தோடு பயணம் செய்த கிளாரா இருந்தாள்.

2010-இல் அந்தக் கைப்பிடி எதுவுமே கிடையாது. டாக்டர் புதுசு, கூட வருபவள் புதுசு, டாக்டரின் காலக்கப்பலான டார்டிஸின் உள்பக்கம் புதுசு, தலைமை எழுத்தாளர் ரஸ்ஸல் டி டேவிஸ் போய் ஸ்டீவன் மொஃபாட் வந்ததால் எழுத்தின் வாசனையே வேறு. அத்தனை மாற்றத்துக்கும் திட்டு வாங்கியது ஸ்மித்தின் முகம் மட்டும்.

கசப்புமாத்திரை

எல்லோரும் ரசிகன் மனநிலையையே குடைகிறீர்களே, சில சமயம் ஏமாற்றம் நியாயமானது. காலின் பேக்கர், 1984. தெரிந்த ஆளான பெரி பக்கத்திலேயே இருந்தாள், நட்சத்திரதூசியின் கைப்பிடி. புது டாக்டர் வந்தவுடன் செய்த காரியம் அவள் கழுத்தை நெரித்தது. முந்தின கதையில்தான் பீட்டர் டேவிசனின் டாக்டர் அதே பெரியைக் காப்பாற்ற உயிரை விட்டிருந்தார், அடுத்த வாரமே இது! போதாததற்கு ஒட்டுத்துணியில் தைத்த கண்கூசும் கோட்டு. மெதுவாகப் பிடித்துப்போகும் டாக்டராக்கலாம் என்பது திட்டமாம், மெதுவாக ஆவதற்குள் தொடர் 1985-இல் 18 மாதம் முடங்கி, அடுத்து அவரையே நீக்கிவிட்டார்கள். விடைபெறும் காட்சிக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார், 1987-இல் சில்வெஸ்டர் மெக்காய் சுருட்டை விக் வைத்துக்கொண்டு இரண்டு டாக்டருமாகப் படுத்துக் கிடந்தார்.

நடிகர் மேல் எனக்குக் கோபமே இல்லை, பின்னால் ஒலி நாடகங்களில் அதே மனிதர் அதே பாத்திரத்தைப் பிரமாதமாகச் செய்தார். எழுதிக் கொடுத்தது மோசம். அதைச் சொன்னால் ‘உனக்கு மாற்றம் பிடிக்காது’ என்று வாயை அடைப்பது சரியில்லை.

தோக்கியகரண்டி

கசப்புமாத்திரை சொல்வது சரிதான், ஆனால் பார்த்த பிறகு வரும் ஏமாற்றம் வேறு, பார்க்காமலே வருவது வேறு. 2017 ஜூலை 16, விம்பிள்டன் ஆண்கள் இறுதி ஆட்டம் முடிந்ததும் ஒரு சின்ன வீடியோ. காட்டுக்குள் ஒரு உருவம் நடந்து வருகிறது, முக்காட்டை எடுக்கிறது, ஜோடி விட்டேகர், டாக்டராக வரும் முதல் பெண். அவ்வளவுதான், ஒரு வசனம் இல்லை. அதற்குள் ‘தொடர் செத்துவிட்டது’ என்று எழுதித் தள்ளினார்கள். டேவிசனே பையன்களுக்கு ஒரு முன்மாதிரி போய்விட்டதே என்று வருத்தப்பட, காலின் பேக்கர் அதெல்லாம் அபத்தம் என்று மறுத்தார். திட்டு வாங்குவது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியுமே.

2018 அக்டோபரில் முதல் எபிசோடைப் பார்த்தவர்கள் ஒரு கோடிக்கும் மேல். அதில் கண்ணாடி மாட்டிக்கொண்டு கரண்டிகளை உருக்கி, ஷெஃபீல்ட் எஃகில் தனக்கான சோனிக்கை, அதாவது டாக்டர் கையில் எப்போதும் இருக்கும் அந்தக் கருவியை, தானே செய்வாள் பாருங்கள், அந்த இடத்தில் எனக்கு டாக்டர் வந்துவிட்டாள். அடுத்து வந்த கதைகள் பல எனக்கும் சப்பென்றுதான் இருந்தன, மறைக்கவில்லை. ஆனால் அதைப் பேசவே முடியவில்லை. கதை சரியில்லை என்று வாயைத் திறந்தால் ‘அப்போதே சொன்னோமே’ என்று அந்தக் கூட்டம் தோளில் கைபோட வந்துவிடும்.

நீலப்பெட்டி, நீங்கள் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறீர்கள், அதனால் குற்றவுணர்ச்சி வேண்டாம். பத்தாவது எபிசோட் வரை போய்ப் பாருங்கள், அதற்கு மேல் கட்டாயமில்லை.

மூன்றாம்கண்

பத்தாவது என்று எண்ணைச் சொல்வதும் கதை சொல்வதுதான்.

நீலப்பெட்டி

பன்னிரண்டு நாள் ஆயிற்று, சொல்லிவிட்டுப் போகிறேன். பத்தாவது வரை பார்த்தேன். இன்னும் டென்னன்ட்தான் என் டாக்டர், அதில் மாற்றமில்லை, நடுவில் இரண்டு எபிசோட் ஓட்டிவிட்டும் பார்த்தேன். ஆனால் அந்த வான்கோ எபிசோட். பாரிஸ் அருங்காட்சியகத்துக்கு அவரை அழைத்துப்போய் அவருடைய ஓவியங்களையே காட்டிவிட்டு, திரும்பக் கொண்டுபோய் விட்டு வருகிறார்கள். இனிமேல் நிறைய வரைந்திருப்பார், புதுசாக ஓவியங்கள் இருக்கும் என்று கூட வரும் ஏமி ஓடிப்போய்த் தேடுகிறாள், ஒன்றுகூட அதிகமில்லை. இது இப்படித்தான் ஆகும் என்று டாக்டருக்கு முன்னாலேயே தெரிந்த மாதிரி இருக்கிறது, அவளை ஓடவிட்டுப் பின்னால் நடந்து வருகிறார். அவள் அழும்போது பெரிதாக ஒன்றும் செய்யவில்லை, அணைத்துக்கொண்டு நாலு வார்த்தை மெதுவாகச் சொல்கிறார். அந்த இடத்தில் 26 வயசு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. வில் டை மட்டும் இன்னும் சகிக்கவில்லை, அதை யார் அவருக்கு மாட்டிவிட்டார்கள்?