சீனி கலக்காத பனங்கட்டிக்கு எப்படி விலை வைப்பது?

வணக்கம். யாழ்ப்பாணத்து வடமராட்சியில் 5 ஆண்டுகளாகச் சிறிய அளவில் பனங்கட்டி காய்ச்சி, குட்டானில் (பனையோலைச் சிறு பெட்டியில்) அடைத்து விற்று வருகிறேன். சுண்ணாம்பு பூசிய முட்டியில் இறக்கிய கருப்பநீரை (புளிக்காத பனஞ்சாற்றை) ஏறத்தாழ 8 லீற்றர் காய்ச்சினால்தான் ஒரு கிலோ தேறும் என்பதால், விறகுச் செலவும் பனை சீவும் தொழிலாளிக்கான கூலியும் சேர, சீனி கலந்து விற்பவர்களின் விலைக்கு என்னால் இறங்க முடிவதில்லை. மொத்தமாக வாங்கும் கடைக்காரர் ஒருவரோ, கொஞ்சம் சீனி சேர்த்தால் கட்டி நன்றாக இறுகும், இலாபமும் மிஞ்சும் என்று வற்புறுத்துகிறார். அதற்கு நான் உடன்படப் போவதில்லை. கடைகளை நம்பியிராமல் வாடிக்கையாளருக்கு நேரடியாக விற்பவர்கள் இங்கே இருந்தால், விலையை எவ்வாறு தீர்மானிக்கிறீர்கள் என்பதையும், மாரிகாலத்தில் கட்டி இளகாமல் எப்படிப் பேணுகிறீர்கள் என்பதையும் தயவுசெய்து அறியத் தாருங்கள்.